அரசின் மின் ஆவணங்கள் நெடுங்காலம் திறக்க வேண்டுமானால்: முழுமையான வழிகாட்டி

மின் ஆவணப் பாதுகாப்புப் பொறுப்பு கைக்கு வந்ததும் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பெரிய சேமிப்புக் கருவிக்கு விலைப்புள்ளி கேட்கிறார்கள். அல்லது கையில் கிடைத்ததையெல்லாம் பி.டி.எஃப் ஆக மாற்றத் தொடங்குகிறார்கள். இரண்டும் செய்ய வேண்டிய வேலைகள்தான். ஆனால் மாற்றுவது ஏழாம் படி, சேமிப்பது ஒன்பதாம் படி. அவற்றை முன்னால் இழுத்துக்கொண்டால், எது அசல், எது மாற்றியது, யார் எப்போது தொட்டார் என்ற கேள்விகளுக்குப் பின்னால் யாராலும் பதில் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத ஆவணம் நீதிமன்றத்திலும் தணிக்கையிலும் நிற்காது.

எனவே இந்த வழிகாட்டியில் கருவிகளைவிட வரிசைக்கே முதலிடம். இந்த வேலைக்கென்று பரிந்துரைத்திருக்கும் மென்பொருள்கள் எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை அதிகாரம். எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் காப்புக்கால அட்டவணையும், அழிக்க ஒப்புதல் தரும் அதிகாரி யார் என்ற எழுத்துபூர்வமான ஆணையும் வேண்டும். இவை இல்லாமல் ஒரு கோப்பைக்கூட நீக்கக் கூடாது.

இரண்டாவது, ஆட்கள். ஆவணத்தின் பொருள் தெரிந்த பிரிவு அலுவலர், கணினிப் பிரிவில் ஒருவர், ஆவணக் காப்பில் பழக்கமுள்ள ஒருவர். கணினிப் பிரிவிடம் மட்டும் ஒப்படைத்துவிட்ட இடங்களில் கோப்புகள் பத்திரமாக இருக்கும்; அவை என்னவென்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, அலுவலக நெட்வொர்க்குடன் இணைக்காத ஒரு கணினி. பழைய வட்டுகளிலும் பென் டிரைவ்களிலும் வைரஸ் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அந்தக் கணினியுடன், ஊடகத்தில் எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற சிறு கருவியும் வேண்டும். ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

2. எங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

பொதுச் சர்வரில் இருப்பவை எளிதில் கண்ணில் படும். தப்பிப்போவது மற்றவை: அலமாரியில் கிடக்கும் சிடிக்கள், மாற்றலாகிப் போன அதிகாரியின் மின்னஞ்சல் பெட்டி, பயன்பாட்டை நிறுத்திவிட்ட ஒரு மென்பொருளின் தரவுத்தளம், ஒப்பந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கும் ஸ்கேன் பிரதிகள். ஒவ்வொரு பிரிவுக்கும் நேரில் போய்க் கேளுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் ‘இன்மை’ என்று ஒரு வரி பதில் வரும்; அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு பெட்டி வட்டு வரும்.

கணக்கெடுப்பில் ஊடகத்தின் வகை, தோராயமான ஆண்டு, அளவு, யார் பொறுப்பு, திறக்க எந்த மென்பொருள் வேண்டும் என்ற ஐந்தையும் குறித்தால் போதும். விரிவான பட்டியலுக்கு இது நேரமல்ல.

பிறகு அவசர வரிசை போடுங்கள். இங்கே பலர் முக்கியமான ஆவணத்தை முதலில் எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது முதலில் கெடப்போகும் ஊடகத்தை. எழுதக்கூடிய சிடியின் சாய அடுக்கு வெளிச்சத்திலும் வெப்பத்திலும் மங்கும். பென் டிரைவை மின்சாரம் இல்லாமல் நெடுநாள் வைத்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து தரவு போய்விடும். ஃபிளாப்பி டிஸ்க்கைப் படிக்கும் டிரைவ் கிடைப்பதே அரிது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் உள்ள அமைச்சரவைத் தீர்மானம் இன்னும் ஒரு மாதம் காத்திருக்கலாம்; அலமாரியில் உள்ள நில அளவைச் சிடி காத்திருக்காது.

3. எதைக் காப்பது, எவ்வளவு காலம்

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வட்டு மலிவுதானே என்பார்கள். வட்டு மலிவு, அதில் இருப்பதைச் சரிபார்ப்பதும், விவரிப்பதும், வடிவம் மாற்றுவதும் மலிவல்ல. ஒரே அறிக்கையின் பதினைந்து வரைவுகளுக்கு நடுவே ஒப்புதல் பெற்ற இறுதி வடிவம் எது என்று பின்னால் வருபவர் தேடிக்கொண்டிருப்பார்.

காப்புக்கால அட்டவணையின்படி நிரந்தரம், குறிப்பிட்ட காலம், உடனே அழிக்கத் தக்கது என்று பிரியுங்கள். வழக்கு, தணிக்கை, தகவல் கோரிக்கை ஏதேனும் நிலுவையில் இருந்தால் காலம் முடிந்திருந்தாலும் தொடாதீர்கள். அழிக்கும்போது எதை, யாருடைய ஆணைப்படி, எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்ற பதிவை நிரந்தரமாக வைத்திருங்கள். அந்தப் பதிவும் ஓர் அரசு ஆவணம்.

4. திறந்து பார்க்காமல் எடுங்கள். எடுத்ததும் செக்சம் போடுங்கள்

இந்தப் படியில் அவசரப்பட்டால் திருத்த வழியில்லை. ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதே அதை மாற்றிவிடக்கூடும். பழைய வேர்டு கடிதங்களில் தேதியைக் கையால் அடிக்காமல், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேதிப் புலத்தைச் செருகியிருப்பார்கள். இன்று திறந்தால் அந்தக் கடிதம் இன்றைய தேதியைக் காட்டும். சேமித்துவிட்டால் பழைய தேதி அந்தக் கோப்பில் இருக்காது. வேறொரு கோப்பிலிருந்து எண்களை இழுத்துக்கொள்ளும் எக்செல் தாள்களும் இப்படித்தான்: இணைப்பைப் புதுப்பிக்கவா என்று அது கேட்க, பழக்கத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவார்கள்.

எனவே ரைட் பிளாக்கர் வழியாக ஊடகத்தை இணைத்து, முழு ஊடகத்துக்கும் ஒரு வட்டுப் படிமம், அதாவது அதில் உள்ள அனைத்தையும் அப்படியே கொண்ட ஒரே நகல் கோப்பு, எடுங்கள். பழுதான ஊடகமானால் குனூ டிடி-ரெஸ்க்யூ என்ற மென்பொருள் பொருத்தமானது. அது நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகுதான் திரும்பி வரும். சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்றுவிடும், அல்லது சாகக் கிடக்கும் வட்டைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரேயடியாகக் கொன்றுவிடும்.

படிமம் எடுத்த உடனே செக்சம் கணக்கிடுங்கள். இது கோப்பின் கைரேகை: உள்ளே ஒரே ஒரு பிட் மாறினாலும் முற்றிலும் வேறாக வரும். எஸ்.எச்.ஏ-256 முறையைப் பயன்படுத்துங்கள். 64 இலக்கச் சரம் ஒன்று கிடைக்கும். எம்.டி.5 என்ற பழைய முறை தற்செயலான சேதத்தைக் கண்டுபிடிக்கப் போதும். ஆனால் இரு வேறு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 வரும்படி செய்ய முடியும் என்பது 2004-லேயே நிரூபணமாகிவிட்டது. சான்றாக நிற்க வேண்டிய ஆவணத்துக்கு அது போதாது.

செக்சத்தை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வைரஸ் நீக்கி, பெயர் மாற்றி, அடுக்கி முடித்த பிறகு எடுத்தால், அதுவரை நடந்ததற்கு எந்தச் சான்றும் இராது.

கோப்புகளையும் செக்சம் பட்டியலையும் சேர்த்துக் கட்ட பேக்-இட் என்ற எளிய முறை இருக்கிறது. இணையத் தொழில்நுட்ப ஆவணங்களின் வரிசையில் 2018-இல் ஆர்.எஃப்.சி 8493 என்று வெளியானது. ஒரு கோப்புறைக்குள் தரவு, அதன் அருகிலேயே சாதாரண உரையில் செக்சம் பட்டியல்; அவ்வளவுதான். எந்த மென்பொருளும் இல்லாமல் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளலாம் என்பதே அதன் பலம்.

அன்றைக்கே இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வேறு அறையில் வையுங்கள். முறையான சேமிப்பு பின்னால் வரும். அதுவரை ஒற்றைப் பிரதியை நம்பி இருக்க வேண்டாம். வைரஸ் சோதனையை இப்போது ஒரு முறையும், மென்பொருள் புதிய வைரஸ்களை அறிந்துகொள்ள ஒரு மாதம் விட்டு மறுமுறையும் செய்யுங்கள்.

5. கோப்பு எந்த வகை என்று அடையாளம் காணுங்கள்

கோப்புப் பெயரின் பின்னொட்டை நம்பாதீர்கள். யாரோ பெயரை மாற்றியிருப்பார்கள், அல்லது மின்னஞ்சல் தடையைத் தாண்டப் பின்னொட்டை வெட்டியிருப்பார்கள். கோப்பின் தொடக்க பைட்டுகள்தான் உண்மை சொல்லும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தரும் டிராய்டு என்ற மென்பொருள் அவற்றைப் பார்த்து, பிரோனோம் என்ற பதிவேட்டில் உள்ள அடையாள எண்ணுடன் வகையையும் பதிப்பையும் சொல்லும். ‘வேர்டு கோப்பு’ என்பதற்கும் ‘வேர்டு 97 பதிப்புக் கோப்பு’ என்பதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு உண்டு.

டிராய்டு அறிக்கையில் மூன்றைத் தேடுங்கள்: அடையாளம் காண முடியாதவை, பூஜ்ய அளவுள்ளவை, கடவுச்சொல் போட்டவை. கடைசி வகைதான் அவசரம். கடவுச்சொல் தெரிந்தவர் இன்னும் பணியில் இருக்கும்போதே கேட்டு, பூட்டு நீக்கிய பிரதி ஒன்றை அசலுடன் சேர்த்து வையுங்கள். ஓய்வு பெற்றவரின் நினைவை நம்பித் திட்டம் போட முடியாது.

6. விவரங்களை எழுதுங்கள்

ஆவணத்தைப் பற்றிய விவரத்தை மீதரவு என்கிறோம். நெடுங்காலக் காப்புக்கான அடிப்படை மாதிரியான ஐ.எஸ்.ஓ 14721, காக்கும் பொருளோடு ஐந்து வகை விவரங்களைக் கேட்கிறது: அடையாளம், சூழல், வந்த வழி, மாறாமைக்கான சான்று, அணுகும் உரிமை. மாறாமைச் சான்றை நான்காம் படியிலேயே எடுத்துவிட்டீர்கள். மற்றவற்றை மனிதர்தான் எழுத வேண்டும்.

புதியவர்கள் நாற்பது கட்டங்கள் உள்ள படிவம் ஒன்றைத் தயாரிப்பார்கள். இரண்டாவது வாரத்தில் யாரும் அதை நிரப்ப மாட்டார்கள். கோப்பு எண், உருவாக்கிய அலுவலகம், பொருள், தேதி, முடிவெடுத்தவரின் பதவி, காப்புக்காலம், யார் பார்க்கலாம், தொடர்புடைய காகிதக் கோப்பின் எண் ஆகியவற்றை ஒழுங்காக நிரப்பினாலே பெரிய வேலை முடிந்தது. காகிதக் கோப்பின் எண்ணை விட்டுவிடாதீர்கள். குறிப்புப் பகுதி காகிதத்திலும் இணைப்புகள் கணினியிலுமாகப் பிரிந்து கிடக்கும் கோப்புகள் ஏராளம். ஒரு பாதியை மட்டும் படிப்பவருக்கு முடிவு தெரியும், காரணம் தெரியாது.

அலுவலகத்தின் பெயரை அந்தக் காலத்தில் இருந்தபடியே எழுதுங்கள். துறைகள் பிரியும், சேரும், பெயர் மாறும். எந்தத் துறை எந்த ஆண்டில் எதுவாக மாறியது என்பதைத் தனிப் பட்டியலாக வைத்து, அதனுடன் இணையுங்கள்.

பெயரிடும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போனால், விண்டோஸ் பல இடங்களில் வைத்திருக்கும் 260 எழுத்து வரம்பை, கோப்புறைப் பெயர்களும் கோப்புப் பெயரும் சேர்ந்த முழுப் பாதை தாண்டிவிடும். நகலெடுக்கும்போது அந்தக் கோப்புகள் விடுபடும்.

மீதரவைப் பட்டியல் மென்பொருளில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பிரதி ஆவணத்தின் அருகிலேயே எளிய உரைக் கோப்பாக இருக்கட்டும். மென்பொருள் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆவணம் அநாதையாகாது.

7. வடிவம் மாற்றுதல்

இப்போதுதான் மாற்ற வேண்டும். அதுவும் அசலை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதைத் தனிப் பிரதியாக. மாற்றத்தில் என்ன இழந்தோம் என்பது பல ஆண்டு கழித்தே தெரியவரும். அன்று திரும்பிப் பார்க்க அசல் இருக்க வேண்டும்.

உரை ஆவணங்களுக்கு பி.டி.எஃப்/ஏ. சாதாரண பி.டி.எஃப் வேறு, இது வேறு. 2005-இல் வந்த ஐ.எஸ்.ஓ 19005 தரம், எழுத்துருக்களை உள்ளேயே பொதித்து வைக்கச் சொல்கிறது. மறையாக்கத்தையும் (கடவுச்சொல் பூட்டு போன்றவை), கோப்புக்குள் ஓடும் நிரல்களையும் தடை செய்கிறது. காரணம் எளிது: திறக்கும் கணினியில் எது இருக்கும் என்று நமக்குத் தெரியாததால், தேவையானது எல்லாம் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘பி.டி.எஃப்/ஏ ஆகச் சேமி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு நம்பாதீர்கள்; வெரா-பி.டி.எஃப் என்ற சோதனை மென்பொருள் கொண்டு சோதியுங்கள். கோப்பு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதும் அதன் உள்ளடக்கமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

விரிதாள்களை பி.டி.எஃப் ஆக்கினால் வலப்பக்கப் பத்திகள் வெட்டுப்படும், சூத்திரங்கள் போய்விடும். சி.எஸ்.வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை, ஆக்கினால் ஒரு தாள் மட்டுமே மிஞ்சும். அந்த சி.எஸ்.வி கோப்பை எக்செல்லில் திறந்து சேமித்தால் இன்னும் மோசம்: எண்களின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழுந்துவிடும், 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட அடையாள எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். பயனாளிகள் பட்டியலுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. அசல் விரிதாள், தாள்தோறும் ஒரு சி.எஸ்.வி, பத்திகளின் பொருளை விளக்கும் குறிப்பு என மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

தரவுத்தளங்களுக்கு சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் உருவாக்கிய சியார்டு வடிவம் நன்று. அட்டவணைகளுடன் அவற்றுக்கிடையேயான உறவுகளையும் எக்ஸ்.எம்.எல் என்ற குறியிட்ட எளிய உரையாகச் சேர்த்து வைக்கும். ஸ்கேன் படங்களுக்கு டிஃப், ஒலிக்கு வேவ், இணையதளங்களுக்கு வார்க் வடிவம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம்.

மின்கையொப்பம் உள்ள ஆவணத்தை மாற்றினால் கையொப்பம் செல்லாததாகிவிடும். மாற்றும் முன் அதைச் சரிபார்த்து, யார் ஒப்பமிட்டார், எந்தத் தேதி, சான்றிதழ் அப்போது செல்லுபடியாக இருந்ததா என்ற முடிவை மீதரவில் பதியுங்கள். சான்றிதழ்கள் சில ஆண்டுகளில் காலாவதியாகின்றன. தள்ளிப்போட்டால் சரிபார்க்கவே முடியாமல் போகலாம்.

8. பழைய எழுத்துருவில் உள்ள தமிழ் ஆவணங்கள்

யூனிகோடுக்கு முன் தட்டச்சான தமிழ் ஆவணங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று பல குறியாக்கங்கள் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குறிகளும் அந்நிய எழுத்துகளும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். கெடவில்லை. எழுத்துருக் கோப்பைத் தேடிப் பிடித்து, ஆவணத்துடன் சேர்த்தே காப்பாற்றுங்கள்.

யூனிகோடுக்கு மாற்றும்போது மூன்று இடங்களில் இடறும். முதலாவது, பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். ஆவணத்தை வெறும் உரையாக எடுத்து மாற்றினால், எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்ற தகவல் போய், நடுவே உள்ள ஆங்கிலப் பெயர்களும் சட்டப் பிரிவுகளும் பொருளற்ற தமிழாகிவிடும். எழுத்துருத் தகவலைப் படித்து மாற்றும் கருவியே வேண்டும்.

இரண்டாவது, பழைய குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என மூன்று துண்டு. மாற்றும் கருவி சரியாக அடுக்காவிட்டால் ஔகார நெடில் குழம்பும். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரும் விட்டுவிடுவார், ஆனால் தேடலில் அகப்படாது.

மூன்றாவது, யூனிகோடிலேயே ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் இரு குறிகளாகவும் எழுத முடியும். எல்லாவற்றையும் ஒரே இயல்பு வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பழைய எழுத்துரு ஆவணத்தை நேரே பி.டி.எஃப் ஆக்கினால் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே உள்ள உரை குப்பையாகவே இருக்கும். பி.டி.எஃப்/ஏ-2 தரத்தின் ‘யு’ நிலை, ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு மதிப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்த மதிப்பு சரியானதா என்று சோதனை மென்பொருளால் சொல்ல முடியாது. ஆவணத்தில் உள்ள ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

9. எங்கே, எத்தனை பிரதி

மூன்று பிரதி, இரு வேறு வகை ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில். ஒரே வெள்ளமோ தீயோ மூன்றையும் தொடக் கூடாது. ஒரே நிர்வாகியின் கடவுச்சொல்லும் மூன்றையும் தொடக் கூடாது. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிணைத்தொகை கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் வைரஸ்கள் நெட்வொர்க்கில் எட்டக்கூடிய எல்லாப் பிரதியையும் பூட்டும், ஆகவே ஒன்றாவது இணைப்பின்றி இருக்க வேண்டும்.

பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு என்பது காப்புப்பிரதி ஆகாது; ஒரு வட்டு கெட்டாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடு அது. தானியங்கி ஒத்திசைவும் காப்புப்பிரதி ஆகாது. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும்.

காந்த நாடாவில் வைக்கிறீர்கள் என்றால் தலைமுறைக் கணக்கைக் கவனியுங்கள். எல்.டி.ஓ என்ற நாடா வகையின் எட்டாம் தலைமுறையான எல்.டி.ஓ-8 டிரைவ் எட்டாம், ஏழாம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். ஆறாம் தலைமுறையைப் படிக்காது. நாடா நன்றாக இருந்தும் படிக்க டிரைவ் இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. மேகச் சேமிப்பானால், வெளியேறும்போது எல்லாத் தரவையும் மீதரவுடன் எந்த வடிவில், எவ்வளவு காலத்தில், என்ன கட்டணத்தில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்குங்கள்.

10. வெளியே கொடுக்கும் பிரதி

காப்புப் பிரதியை யாருக்கும் நேரே தராதீர்கள். பார்வைக்கென்று தனிப் பிரதி உருவாக்குங்கள். தனிநபர் விவரங்களை மறைக்கும்போது பி.டி.எஃப் மேல் கறுப்புக் கட்டம் வரைவது மறைப்பே அல்ல. கீழே உள்ள உரையை நகலெடுத்துவிடலாம். உரையையே நீக்கும் கருவியைப் பயன்படுத்தி, பிறகு நீங்களே நகலெடுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். வேர்டு கோப்பில் ஒளிந்திருக்கும் திருத்த வரலாற்றையும் மறக்க வேண்டாம்.

பார்வையற்றோருக்கு உரையைப் படித்துக் காட்டும் திரை வாசிப்பான், வெறும் ஸ்கேன் படத்தைப் படிக்காது. படத்தில் உள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரியால் உரை அடுக்குச் சேர்த்து, தலைப்புகளுக்கும் அட்டவணைகளுக்கும் அடையாளம் இட வேண்டும். இதற்கான தரம் பி.டி.எஃப்/யு.ஏ, அதாவது ஐ.எஸ்.ஓ 14289.

இணைய முகவரியில் துறையின் பெயரை வைக்காதீர்கள். துறை மாறியதும் இணைப்பு அறும். ஆர்க், ஹேண்டில் போன்ற நிலையான அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, அது எங்கே சுட்ட வேண்டும் என்பதை மட்டும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

11. ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லாப் பிரதிகளின் செக்சத்தையும் மறுபடி கணக்கிட்டுப் பழைய பட்டியலுடன் ஒப்பிடுங்கள். ஒரு பிரதியில் வேறுபாடு வந்தால் நல்ல பிரதியிலிருந்து மாற்றி, நிகழ்வைப் பதியுங்கள். ஊடகங்களைக் கெடும் வரை காத்திராமல் குறித்த காலத்தில் புதியவற்றுக்கு மாற்றுங்கள். அதற்கான செலவை ஒவ்வோர் ஆண்டின் வரவுசெலவுக் கணக்கிலும் தொடர் செலவாகக் காட்டுங்கள். ஒருமுறைச் செலவாகக் காட்டிய திட்டங்கள் முதல் வட்டு மாற்றத்தோடு நின்றுபோகின்றன.

அடுத்தது மீட்புச் சோதனை. இந்த வேலையில் சம்பந்தமே இல்லாத ஓர் ஊழியரை அழையுங்கள். ஒரு பொருளும் தோராயமான ஆண்டும் மட்டும் சொல்லி, ஆவணத்தைத் தேடி எடுத்து, திறந்து, படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதி வைத்த வழிமுறை மட்டும் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் அருகில் நின்று உதவக் கூடாது; வாயைத் திறக்காமல் அவர் எங்கே தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேடலில் தயங்கினால் ஆறாம் படியில் குறை. திறக்கவில்லை என்றால் ஐந்திலோ ஏழிலோ குறை. திறந்தும் படிக்க முடியவில்லை என்றால் எட்டைப் பாருங்கள். கடவுச்சொல்லுக்கோ அனுமதிக்கோ உங்களைத் தேடி வந்தாரானால், அந்த விவரத்தை முத்திரையிட்ட உறையில் இட்டு, பதவியின் பெயரில் அலுவலகப் பெட்டகத்தில் வைத்து, உறை இருக்கும் இடத்தை வழிமுறையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.